ஜெனியின் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி: ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து படப்பை வரை

தவக்காலத்தில் ஏதாவது ஒரு கோயிலுக்குப் பேருந்திலேயே போய்வந்து இங்கே எழுதுவது என் வழக்கம். இந்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, படப்பையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு சின்ன மாதா கோயிலுக்குப் போனோம். நான், என் மகள் ஜெனி, அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. வழக்கமான விவரங்கள் எல்லாம் இதிலும் உண்டு. ஆனாலும் இந்தப் பயணத்தைப் போகாமலே இருந்திருக்கலாமோ என்று அடிக்கடி தோன்றுகிறது.

ஏன் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெனி குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் அப்பா இறந்தபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். போன வருடக் கடைசியில் அயர்லாந்தில் வேலைக்கு நேர்முகத் தேர்வு முடித்துவிட்டுக் காத்திருந்தாள். அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை. அங்கே குளிர், தனி அறை, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை. ஒரு நாள் இந்தக் கோயிலுக்குத் தனியாக வந்து, அந்த வேலை அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கேட்டது நடந்தால் அவள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டேன். பொங்கல் சமயத்தில் அந்த வேலை இல்லை என்று தகவல் வந்தது. அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

நேர்ச்சையைச் செலுத்தாவிட்டால் என்ன ஆகுமோ என்று அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. கவலைப்படுகிறவளுக்குக் கவலைக்கா பஞ்சம்! சுடிதார் தைக்க என்று சொல்லி ஜெனியை அளவெடுத்தேன். ஐந்தடி இரண்டங்குலம். தாம்பரம் கிழக்கில் ஒரு கடையில் சொல்லிவைத்தேன், ஆயிரத்து இருநூறு ரூபாய். ஜெனிக்கு அன்று விடுமுறை, தானும் வருவதாகச் சொன்னாள். 'உனக்காக ஒரு நேர்ச்சை' என்று மட்டும் சொல்லியிருந்தேன். அடுத்த வேலைக்காக வேண்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். நானும் அதைத் திருத்தவில்லை.

மெழுகுவர்த்தி வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று பழைய புடவையைச் சுற்றி, ஒரு பிவிசி குழாய்க்குள் செருகினேன். என் தோள்பையில் குடை, மாத்திரை, உப்பு சர்க்கரைப் பொட்டலம், இரண்டு பேருக்கும் மாற்று உடை. ஜெனி கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும். காலை ஒன்பது மணிக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் பேருந்து ஏறி, நான்கு கிலோமீட்டர் தாண்டித் தாம்பரம் கிழக்கில் இறங்கினோம். நடைமேம்பாலம் ஏறி மேற்குப் பக்கம் போக வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் குழாயை யார் தலையிலும் இடிக்காமல் கொண்டுபோவதற்குள் இரண்டு பேரிடம் திட்டு வாங்கினேன்.

மேற்கிலிருந்து படப்பை வழியாகப் போகும் பேருந்துகள் நிறைய உண்டு. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் குழாயைத் தட்டிப் பார்த்து, பிளம்பிங் வேலையா என்று கேட்டார். மெழுகுவர்த்தி என்றதும் அவருக்கு ஒரே சிரிப்பு.

"ஆம்பளையா பொம்பளையாக்கா? பொம்பளைன்னா ஃப்ரீ, ஆம்பளைன்னா டிக்கெட் போடணும்."

"பொம்பளைதாண்ணா. அது நான்தான்" என்றாள் ஜெனி. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

முடிச்சூர் தாண்டும்வரை நெரிசல். பதினைந்து கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். உட்கார இடம் கிடைத்தது, ஆனால் வெயில் படும் பக்கம். குழாயை ஜன்னலோரம் சாய்த்து, விழுந்துவிடாமல் வழியெல்லாம் கட்டிப்பிடித்தபடி வந்தேன்.

படப்பைக் கடைத்தெருவில் இறங்கிப் பழச்சாறு குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஆளுக்கு இருபது ரூபாய். குழாய் ஒரு ஆள் இடத்தை அடைத்ததால் மூன்று பேருக்கும் சேர்த்து அறுபது. ஓட்டுநருக்கு அந்த ஊர்தான். ஒருகாலத்தில் அவர்கள் குடும்பம் பயிர் வைத்த இடமெல்லாம் இப்போது மனையாகிவிட்டது என்று காட்டிக்கொண்டே வந்தார். நெற்றியில் விபூதி. அவர் மனைவியும் இந்த மாதாவிடம் வேண்டிக்கொள்வாராம்.

"இன்னாக்கா, வேண்டிக்கினது நடந்துச்சா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் ஜெனி முந்திக்கொண்டு, இனிமேல்தான் நடக்கணும் என்றாள்.

"அப்டிலாம் செய்ய மாட்டாங்கம்மா. எங்க வூட்லகூட நடந்தாதான் கொண்டாந்து ஏத்துவாங்க. நடக்காம எவன் ஏத்துவான்?"

அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டு லாரிக்கு ஒதுங்கினார். ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற பெண், அவளுக்குத் தெரியாத வழக்கமா? இத்தனை நாள் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நான் பையைத் திறந்து மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கோயில் சின்னதுதான். முன்னால் ஒரு வேப்பமரம், பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற மணல் கொட்டிய தகரத் தொட்டி. குழாயிலிருந்து உருவினால் மெழுகுவர்த்தி பாதிக்குமேல் வரவில்லை. வெயிலில் குழாய் சூடேறி, உள்ளே மெழுகு இளகிப் புடவையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இருவரும் இழுத்து வெளியே எடுத்தபோது நடுவில் வளைந்துபோயிருந்தது. காப்பாற்றப் போட்ட குழாய்தான் அதைக் கெடுத்திருக்கிறது. மணலில் நட்டால் நிற்கவில்லை. ஜெனி இரண்டு கைகளாலும் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"அயர்லாந்து கெடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டியாமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"இன்டர்வியூல என்ன தப்பு பண்ணேன்னு ரெண்டு மாசமா யோசிச்சுட்டு இருந்தேம்மா" என்றாள். அப்புறம், "ஏத்து, கை வலிக்குது" என்றாள்.

ஏற்றினேன். அவள் பிடித்திருக்க அது எரிந்தது. நான் உள்ளே போய் முழந்தாளிட்டேன். அந்த வேலை என் வேண்டுதலால்தான் போனதா, அவர்களே ஆள் வேண்டாம் என்று விட்டார்களா, எனக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. ஆனால் ஒன்று அங்கே புரிந்தது. இத்தனை வருடமும் மகளைக் கடவுளிடம் ஒப்படைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நானே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். அவர் விருப்பப்படி ஆகட்டும் என்று தினமும் சொல்லும் செபத்தில் ஒரு வரி வருகிறது. அதை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவேன். அன்று அந்த வரியில் நின்றேன். அதைச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று. சொன்னபின் மனம் லேசாகிவிட்டது என்று எழுத ஆசைதான், அப்படி ஒன்றும் ஆகவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

திரும்பும்போது பேருந்தில் ஜெனி முன்னால் ஓர் இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களில் மெழுகு ஒட்டியிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தாம்பரம் மேம்பாலத்தில் எனக்காக நின்றாள்.

"புதன்கிழமை இன்னொரு இன்டர்வியூ இருக்கு. நியூசிலாந்து. எனக்காக எதுவும் வேண்டிக்காதம்மா" என்றாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். தாம்பரம் மேற்கிலிருந்து காலை எட்டு மணிக்குள் ஏறிவிட்டால் நெரிசல் குறைவு. கோயில் பன்னிரண்டு மணிக்கு மூடி நான்கு மணிக்குத் திறக்கிறார்கள். வாசலில் ஒரே ஒரு பெட்டிக்கடை, அதிலேயே எல்லா அளவிலும் மெழுகுவர்த்தி கிடைக்கிறது. வீட்டிலிருந்து தூக்கிப்போகாதீர்கள், போனால் குழாயில் போடாதீர்கள். ஒருவர் உயரத்துக்கு நேர்ந்துகொள்வதாக இருந்தால், என்னவென்று முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜெனி அந்த இன்டர்வியூவுக்குப் போய்வந்தாள். எப்படி நடந்தது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை. ராத்திரி செபத்தில் அவள் முறை வரும்போது 'ஆண்டவரே, ஜெனி' என்று பெயரை மட்டும் சொல்கிறேன். அதற்குமேல் வரும் வார்த்தைகளை விழுங்கிவிடுகிறேன். முதல் சில நாட்கள் அப்படி நிறுத்திவிட்டு விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன். நேற்று, பெயரைச் சொன்னது வரைதான் ஞாபகம் இருக்கிறது. தூங்கிவிட்டேன்.