மைக்கம்மாவின் காமாலை

பேருந்து நிலையத்தில் வண்டிகள் கிளம்புவதை ஒலிபெருக்கியில் அறிவிப்பவளை எல்லாரும் மைக்கம்மா என்பார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரல் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. கழிப்பறையில் இருப்பவனைக்கூட எழுந்து ஓடவைக்கும் குரல் அது.

இரண்டு பிள்ளைகள் பெற்றவள். மூன்றாவது தங்கிவிட்டது என்று தெரிந்ததும், வேண்டாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசித்தான் முடிவெடுத்தார்கள். அதில் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். டாக்டரிடம் போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களாம். அதனால் புருஷன் மருந்துக்கடைக்குப் போனார். எத்தனை வாரம், ஸ்கேன் எடுத்தாயிற்றா, கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா என்று கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. இருமல் மாத்திரை தருவதுபோல் பொட்டலம் கட்டி நீட்டினார். எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து, காய்ச்சல் வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

ஆரம்ப வாரங்களில் டாக்டர் பார்த்துக் கொடுக்கிற மாத்திரையால் பெரும்பாலான பெண்களுக்கு ஒரு கெடுதலும் வருவதில்லை. சிலருக்கு மட்டும் முழுதாக வெளியேறாமல் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் சீழ் பிடிக்கும். மைக்கம்மாவுக்குத் தங்கியது. ரத்தம் நிற்கவில்லை, அடிவயிறு பிசைந்தது, உடம்பு கொதித்தது.

ஏன் வேலைக்கு வரவில்லை என்று விசாரித்தவர்களிடம் நாத்தனார், "மஞ்சக் காமாலைங்க" என்று சொல்லிவைத்தாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற உப்பில்லாச் சோறு வேறு ஊட்டினாள். சாகக் கிடந்தவளுக்குப் பத்தியம் ஒன்றுதான் குறைச்சல்.

மைக்கம்மாவுக்கு உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். சரி, அங்கேயாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா? அடுத்த கட்டிலருகே பேருந்து நிலையத்து டீக்கடைக்காரர் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"காமாலை டாக்டர். ஒரு வாரமா."

டாக்டரம்மா இமையை விலக்கிப் பார்த்தார். "கண்ணு மஞ்சளா இல்லையே, வெளுத்துல்ல கெடக்கு. ரத்தப்போக்கு ஏதாவது உண்டா?"

"மாசாமாசம் வர்றதுதான்."

புருஷன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டின மனுஷனுக்கு அப்போதுதான் மணி பார்க்க வேண்டியிருந்தது.

"சரி, ரத்தம் எடுத்துப் பாக்கலாம்" என்று டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

மைக்கம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இப்போது வாயை மூடிக் கிடந்தால் இந்தப் பொய்யோடு தன்னையும் சேர்த்துப் புதைத்துவிடுவார்கள் என்று புரிந்தது. பற்றிக்கொண்டு வந்தது ஆத்திரம். நெற்றியில் கிடந்த நாத்தனாரின் கையைத் தட்டிவிட்டாள். கடைசி வண்டியைத் தவறவிடப் போகிறவர்களை விரட்டுகிற அதே குரலை எடுத்தாள்.

"டாக்டர், எனக்குக் காமாலை இல்ல. ஏழாவது வாரத்துல மருந்துக்கடை மாத்திரை போட்டுக் கருவைக் கலைச்சேன். முழுசா வரல. அன்னைலேருந்து ரத்தம் நிக்கல. கெட்ட வாடை அடிக்குது. மூணு நாளா காய்ச்சல்."

அவசரப் பிரிவே திரும்பிப் பார்த்தது. "அட, நம்ம மைக்கம்மா" என்றார் டீக்கடைக்காரர். டாக்டரம்மா ஓடிவந்தார்.

ரத்தம் ஏற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள், உள்ளே தங்கியிருந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். உறிஞ்சி எடுப்பது சில நிமிட வேலை. அதற்குத்தான் ஒரு வாரம் அவளைப் போட்டு வதைத்திருந்தார்கள்.

மறுநாள் கண் விழித்தபோது புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்பார் என நினைத்தாள்.

"இப்படியா கத்துறது? ஊரே கேட்டுச்சு" என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நான் போய்ச் சேந்திருந்தா, துக்கம் கேக்க வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்லியிருப்பீங்க?"

அவர் அக்கம்பக்கத்துக் கட்டில்களைத் திரும்பிப் பார்த்தார்.

"காமாலைன்னுதானே?"

அவர் இல்லை என்று சொல்லவில்லை.