திருவருகைக் காலத்தில் சாலையில் அமர்ந்த எங்கள் அம்மா

எங்கள் அம்மா பாம்பனில் பிறந்து, தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்டு, கருவாட்டுக் கூடையோடு அபிராமம் சந்தைவரை பஸ் ஏறியவர். அய்யாவைக் கடல் கொண்டுபோனபோது தம்பி கைக்குழந்தை. "வாடை அடிக்குது, எறங்கு" என்று விரட்டிய கண்டக்டர்களிடம், "திங்கிறப்ப மட்டும் மணக்குதாக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். மகளாகிய என்னிடம், 'பொறுமையின் சிகரம்' என்று தலைப்பிட்டு இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். யார் பொறுமையாக இருந்தது?

சென்ற ஆண்டு, எல்லை தாண்டியதாகச் சொல்லி, மீன்பிடிக்கப் போன தம்பியை இலங்கைக் கடற்படையினர் பிடித்து, அக்கரையில் சிறை வைத்தார்கள். மாதங்கள் போயின. போன அலுவலகத்திலெல்லாம் "பொறுங்க" என்றார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் பிறந்து, கோயிலில் முதல் ஊதா மெழுகுதிரி ஏற்றிய அன்று எங்கள் சின்னய்யாவும் அதையே சொன்னார்.

"இது காத்திருக்குற காலம் மதினி. செபமாலையச் சொல்லிட்டு வீட்டுல இருங்க."

அம்மா விடுவாரா?

"வீட்டுக்கு ஆளு வாராகன்னா சும்மாவா உக்காந்திருக்கோம் கொழுந்தனாரே? வெள்ளையடிக்கல? மாவு இடிக்கல? ஆண்டவரு வாராருன்னு யோவான் வனாந்தரத்துல நின்னு கத்துனாரே, அவரு என்ன பொறுத்தா இருந்தாரு? அவரு வழியச் சரிபண்ணச் சொன்னா, நீங்க வாயப் பொத்தச் சொல்லுறீக!"

மறுநாளே, சிறைப்பட்டவர்களின் வீட்டுப் பெண்களோடு போய் நெடுஞ்சாலையோரம் போராட்டப் பந்தலில் அமர்ந்துவிட்டார். செபமாலையும் சொன்னார், கோஷமும் போட்டார். சொந்தபந்தங்களே, நீங்கள் என்ன பேசினீர்கள்? "வயசான காலத்துல ரோட்டுல என்ன கூத்து?" "புனிதமான காலத்துல கலகம் எதுக்கு?" அதே வாரம் நீங்கள் வீட்டில் ஸ்டார் கட்டிவிட்டு, ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடை ஏறி இறங்கினீர்கள். அதற்குப் பெயர் ஆயத்தமாம்!

ரோஸ் மெழுகுதிரி ஏற்றிய மூன்றாம் வாரத்தில், பந்தலிலேயே அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போதும் அந்தப் பெண்களைப் பார்த்து, "நான் வாரேன். நீங்க எந்திரிச்சுப் போயிராதீக" என்றார். வரவில்லை.

தம்பியை விட்டபோது கல்லறைச் சிமெண்டே காய்ந்துவிட்டது. கூட வந்தவர்கள் அம்மா இறந்ததை அவனிடம் சொல்லவில்லை போலும். வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டான். நான்தான் வெளியே போனேன்.

பந்தலுக்குத் தண்ணீர்க் குடம் சுமந்த பெண்களுக்கும், காசு வாங்காமல் டீ கொடுத்தனுப்பிய கடைக்கார பாய்க்கும், அம்மாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பொறுக்கச் சொன்னவர்களுக்கு எழுத என் பேனா ஓடவில்லை.

நம் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் இன்னும் அக்கரைச் சிறையில் இருக்கிறார்கள். அவர்களின் தாய்மார் இன்றும் அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கோயிலில் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்தபின் வீட்டில் பந்தி கிடையாது. சோறு சாலையோரப் பந்தலில். தம்பிதான் பரிமாறுகிறான். அம்மாவுக்காக வருகிறவர்கள் அங்கே வந்து உட்காருங்கள்.