ஆயின் அம்மாவின் தண்ணீர் முறை

எங்கள் ஸ்பானிய கிராமத்து வாய்க்கால் சங்கத்தின் சட்டம் கொள்ளுத்தாத்தா காலத்தில் எழுதியது. இனி நடக்கக்கூடும் என்று அஞ்சும் குற்றங்களைச் சொல்ல ஸ்பானிய மொழியில் தனியாக ஒரு வினைவடிவம் உண்டு. ஊர்ப் பேச்சில் அது என்றோ செத்துவிட்டது. சட்டத்தில் மட்டும் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது: எவரேனும் முறை தவறி நீர் எடுப்பாராயின், எவரேனும் மதகை உடைப்பாராயின்.

சங்கச் செயலாளர் ஒப்துலியா அதை வீட்டிலும் பேசினாள். புருஷன் உயிரோடிருந்தபோது, "குடித்துவிட்டு வருவாராயின் கதவு திறக்கப்படமாட்டாது" என்பாள். திறக்கவும் மாட்டாள். அவர் கோழிக்கூட்டில் படுத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஊரில் அவளுக்கு 'ஆயின் அம்மா' என்றே பேர். அன்பாக வைத்த பேர் இல்லை.

அவரவர் தண்ணீர் முறை வரும்போது மண்வெட்டியோடு மதகடியில் நிற்கவேண்டும். வாய்க்கால் காவலர் மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் இல்லையென்றால் தண்ணீர் அடுத்தவருக்கு. காரணம் கேட்பதில்லை. போன கோடையில் அவளுடைய கொழுந்தன் லெயோன்ஸியோ, மாடிப்படியில் விழுந்த பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் முறை போயிற்று, அவரைச் செடியும் போயிற்று. சங்கத்தில் முறையிட்டான். ஒப்துலியா நிதானமாகச் சட்டத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இந்த ஆகஸ்டில் அவளுடைய மிளகாய் வாடத் தொடங்கியிருந்தது. இந்த முறை தவறினால் அடுத்த முறைவரை தாங்காது. முறைக்குக் காத்து மதகடியில் நின்றவள், வாய்க்காலில் தண்ணீர் இறங்குவதைக் கண்டாள். மேலே எவனோ திருடுகிறான் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையோடு போனாள். போய்ப் பார்த்தால் திருடனும் இல்லை, ஒருவனும் இல்லை. உரச்சாக்கு ஒன்று மடையை அடைத்துக்கொண்டிருந்தது. இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது காவலர் சத்தூரியோ மூன்று தரமும் கூப்பிட்டு முடித்திருந்தார். அடுத்த முறைக்காரன் லெயோன்ஸியோ. தண்ணீர் அவன் தோட்டத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணி, காலாற நடந்துட்டு வர்றீங்களா?" என்றான்.

"சங்க வேலையா போனேன்."

"நானும் ஆஸ்பத்திரிக்கு வேடிக்கை பாக்கப் போகல."

சத்தூரியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அந்தம்மா பாதி எடுத்துக்கட்டுமேப்பா. நீ விட்டுக்குடுத்தா நான் தடுக்கமாட்டேன்."

"தர்றேனே. வாய்விட்டுக் கேக்கச் சொல்லுங்க. 'லெயோன்ஸியோ, தயவுபண்ணு'ன்னு ஒரு வார்த்தை. இந்த 'ஆயின்' கீயின் எல்லாம் வேணாம். மனுஷங்க கேக்கற மாதிரி."

ஒப்துலியா மிளகாய்ப் பாத்தியைப் பார்த்தாள். இலைகள் துவண்டு தொங்கின.

"உன்கிட்டயா? அதுக்கு என் செடி சாகட்டும்."

"சாகட்டும். எனக்கென்ன, என் அவரைக்கு ஒரு துணையாச்சு."

அவன் தோட்டம் சீக்கிரமே நிறைந்தது. மதகை மூடியிருக்கலாம், மூடவில்லை. மிச்சத் தண்ணீர் வரப்பு வழிந்து பாதையில் ஓடியது, அவளுடைய வேலியை ஒட்டியே. அவன் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து சிகரெட் பிடித்தான். வேலியடியில் ஒரு வெட்டு வெட்டினால் போதும், தண்ணீர் மிளகாய்க்குள் வந்துவிடும். பாதையில் போகிற தண்ணீர்தானே, யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். கையில் மண்வெட்டி இருந்தது. அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகச் சங்கத்துக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்க நடுவர்கள் கூடினார்கள். அவளே எழுந்து வாசித்தாள்: "எவரேனும் மிகுநீரைப் பொதுப்பாதையில் வழியவிடுவாராயின்..."

லெயோன்ஸியோ அபராதத்தை மேசையில் விட்டெறிந்தான். "அண்ணனைத் தின்னுட்டே. இப்ப எங்கிட்ட வந்து நிக்கறே."

"சபையில் எவரேனும் தகாத சொல் சொல்வாராயின்," என்று அவள் அடுத்த விதிக்குப் புரட்டினாள். இன்னொரு அபராதம்.

செப்டம்பரில் வழக்கம்போல் வீட்டுக்கு வீடு வாசலில் புது மிளகாய் சுட்டார்கள். ஒப்துலியாவின் பாத்தி காய்ந்து கிடந்தது. பெயருக்குக்கூட யாரும் அவளுக்கு ஒரு தட்டு கொண்டுபோகவில்லை. நானும்தான். புகை தெருவை அடைத்தது. ஒப்துலியா உள்ளே இருந்தபடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.