அவன் பெயரில் என் வாசிப்பு

மேலகரத்தில் நான் ஒலிப்பதிவுக்கூடம் தொடங்கியபோது முதலில் கூப்பிட்டது என் நண்பனைத்தான். சுரண்டை தேவாலயத்தில் பள்ளி நாளிலிருந்தே இருவரும் சேர்ந்து கிட்டார் வாசித்தவர்கள். பிறகு நான் நாட்டுப்புறப் பாட்டுக்குக் கிட்டார் சேர்த்துப் பெயர் வாங்கினேன். பாடகர்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

ஒரு நடவுப் பாட்டுக்கு அவன் வாசித்தான். அவன் வாசிப்பு எப்போதும் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கித்தான் வரும். அவன் போனதும் அதை அழித்துவிட்டு நானே வாசித்துச் சேர்த்தேன். பெயரை மட்டும் அவனுடையதாகவே விட்டேன். அவனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

பாட்டு நன்றாக ஓடியது. சீசனில் குற்றாலத்துக் கடைகளிலெல்லாம் அதுதான். ஒரு மேடையில் அதை வாசிக்க அவனை அழைத்தார்கள். அன்றே அவன் என்னிடம் வந்தான்.

“கடையில நின்னு கேட்டேன். அது என் வாசிப்பு இல்லலே. நான் வாசிச்சதப் போடு, கேக்கேன்.”

“அது இல்லலே. அழிச்சிட்டேன்.”

“நல்லா இல்லன்னா எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா? திரும்ப வாசிச்சிருப்பேன்.”

அவன் மேடைக்குப் போகவில்லை. அழைத்தவர்களிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, கைவலி என்றானாம்.

அடுத்த வாரமே பாட்டில் அவன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் இன்னும் அருகருகே அமர்ந்துதான் வாசிக்கிறோம். பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிறான். ஆனால் இப்போதெல்லாம் பாட்டின் நடுவில் கையை நிறுத்தி, என் விரல்களைப் பார்த்துவிட்டுத்தான் தொடர்கிறான்.