மலை நிழல் விழும் தொட்டி

வேணுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்கு ஒன்றுக்கு மேல் தேறாது. அவர் வெற்றிலை போட்டுக் கண்ட இடத்தில் துப்புவதில்லை. மற்றதெல்லாம் கீழே வருகிறது.

வேங்கிக்காலில் அவர் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. டவுனில் ஒரு தனியார் லேபில் பதினோரு வருஷமாக மலமும் சிறுநீரும் பரிசோதிக்கிறேன். அந்த வேலைக்காக என்னைக் கண்டு முகம் சுளிப்பவர்களில் அவர்தான் முதல் ஆள். விபூதி தரும்போது என் கையில் விரல் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து போடுவார், பாதி தரையில் விழும்.

சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதை விற்றார். விதை முளைக்கவில்லை என்று விவசாயிகள் சட்டையைப் பிடித்த பிறகு திருவண்ணாமலைக்கு வந்து மனை புரோக்கர் ஆனார். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் இடத்தை, குளிர்ந்த காற்று வரும் இடம் என்று விற்ற மகராசன். ஐம்பத்தைந்து வயதில் அந்த வியாபாரமும் படுத்தது. உடனே பக்தி வந்துவிட்டது. கழுத்தில் உருத்திராட்சம், நெற்றி நிறையப் பட்டை, பெயருக்கு முன்னால் சிவத்தொண்டர். அதற்குப் பிறகு புரோக்கர் என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கிரிவலப் பாதையோரம் ஓர் ஆலமரத்தடியில் யாரோ மாடுகளுக்காகக் கட்டிவைத்த சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. வேணு அதற்குச் சுண்ணாம்பு அடித்து, போர்வெல் தண்ணீர் நிரப்பினார். ஒரு பக்கமாக நின்று குனிந்து பார்த்தால் மலை அப்படியே தண்ணீரில் தெரியும். அவ்வளவுதான், மாட்டுத்தொட்டி தீர்த்தமாகிவிட்டது. ‘அண்ணாமலையார் நிழல் தீர்த்தம்’ என்று போர்டு, போர்டில் கைகூப்பியபடி வேணுவின் படம். கிரிவலம் வருகிற ஜனங்கள் குனிந்து மலையைப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், இரண்டு கையாலும் அள்ளிக் குடிப்பார்கள்.

அந்த ஆலமரத்தில் நூற்றுக்கணக்கில் பழந்தின்னி வவ்வால்கள் தொங்கின. பாதித் தொட்டிக்கு மேல் ஒரு பெரிய கிளை. அவை போடுவதெல்லாம் நேராகத் தண்ணீரில்தான் விழும். வேணு காலையில் வலை வைத்து மேலாக மிதப்பதை அரித்து எடுப்பார். யாராவது மூக்கைப் பொத்தினால், “சித்தருங்க வவ்வால் ரூபத்துல தவம் பண்றாங்க” என்பார். எந்தச் சித்தர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தொட்டியில் மலம் கழித்தார் என்று யாரும் கேட்கவில்லை. படித்தவர்களும்தான் கேட்கவில்லை.

அவர் மனைவி வேதா அக்காவுக்குப் போன தை மாதம் மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. வேலூருக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தாள். முடி கொட்டியது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி கம்மியானது. கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் சிரத்தையாகச் செய்தாள். வெளியில் காபிகூடக் குடிக்க மாட்டாள். ஒன்றே ஒன்றைத் தவிர. காலையில் புருஷன் கொண்டுவரும் ஒரு டம்ளர் தீர்த்தம். அதைக் கொதிக்கவைத்தால் சக்தி போய்விடும் என்று அவர் சொல்லியிருந்தார். தொட்டியருகில் நின்று, “என் சம்சாரமே இதக் குடிச்சித்தான் தேறிக்கினு வர்றா” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். பெண்டாட்டியின் வியாதியைக்கூட விளம்பரத்துக்கு வைத்துக்கொண்ட மனுஷன் அவர்.

ஆடி மாதம் அவளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். ஏற்கெனவே ஒட்டிப்போயிருந்த உடம்பில் பத்துக் கிலோ இறங்கியது. டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாம்பிள் எங்கள் லேபுக்குத்தான் வந்தது. டாக்டர் கேட்டிருந்தபடி சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சின்னச் சின்னச் சிவப்பு உருண்டைகள். கிரிப்டோஸ்போரிடியம் என்கிற குடல் ஒட்டுண்ணி. நல்ல உடம்புக்கு வந்தால் ஒன்றிரண்டு வாரம் படுத்திவிட்டுப் போய்விடும். வேதா அக்கா மாதிரி இருப்பவர்களை அது சாகடிக்கலாம்.

வேலை முடிந்ததும் நேராகத் தொட்டிக்குப் போனேன்.

“மாமா, அக்காவுக்குத் தண்ணியில வர்ற பூச்சி. இந்தத் தொட்டிய மூடிடுங்க. இல்ல, போர் பைப்புலியே ஜனங்க புடிச்சிக் குடிக்கட்டும்.”

“பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் வெச்சிருக்கேன்.”

“அதுக்கெல்லாம் இது சாவாது மாமா. கொதிக்க வெச்சாத்தான் சாவும்.”

“மூடிட்டா மலை எப்டிம்மா தெரியும்?” என்றார், நான்தான் புத்தி கெட்டவள் என்பது போல. “பைப்பப் பாக்கவா ஜனங்க வர்றாங்க?”

நான் திரும்பும்போது மரத்தடியில் ஒரு பெண் கையுறை போட்டுக்கொண்டு வவ்வால் எச்சத்தைக் குப்பியில் சேகரித்துக்கொண்டிருந்தாள். பெயர் கவிநிலா. காட்டு வவ்வால்களின் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மாணவி. லேபில் வேலை என்று சொன்னதும் என்னிடம் மனம் விட்டுப் பேசினாள்.

“இந்த எச்சத்துல கிரிப்டோ இருக்குதுக்கா. அதுல சில வகை மனுஷங்களுக்கும் வரும். சித்திரை மாசமே வேணு சாருக்குத் தமிழ்ல எழுதிக் குடுத்து, படிச்சிக் காட்டி, கையெழுத்தும் வாங்கிட்டோம்.”

“சித்திரையிலயா? என்ன சொன்னாரு?”

“அப்ப கையில ஒரு டம்ளர் தீர்த்தம் வெச்சிருந்தாரு. குடிக்காம அத அப்டியே கீழ வெச்சிட்டாரு.”

சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று விரல் விட்டு எண்ணினேன். நாலு மாதமாகத் தெரிந்தே ஊராருக்கு ஊற்றியிருக்கிறார். அதைக்கூட விடுங்கள், சொந்தப் பெண்டாட்டிக்கும் தினமும் ஊற்றியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த போர்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். வேதா அக்காவுக்கு அந்தத் தொட்டியிலிருந்துதான் வந்தது என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அவள் கொதிக்கவைக்காமல் குடித்தது அது ஒன்றைத்தான்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். தலையில் கட்டிய துணி நழுவுவதைக்கூடச் சரிசெய்யத் தெம்பில்லாமல் படுத்திருந்தாள்.

“அவருக்குப் பெரும புடிக்கும் தேவி, அது எனக்கும் தெரியும். ஆனா தெரிஞ்சே எனக்குக் குடுப்பாரா?”

பதில் சொல்வதற்குள் வேணுவே வந்தார். பட்டையும் உருத்திராட்சமுமாக, கையில் ஒரு பாட்டில்.

“நாலு நாளா தீர்த்தம் இல்லாமத்தான் உனுக்குத் தெம்பே வர்ல” என்று மூடியைத் திறந்து நீட்டினார்.

வேதா அக்கா பாட்டிலை வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

“நீங்க மொதல்ல ஒரு வாய் குடிங்க.”

“நான் இப்பத்தான் டீ குடிச்சேன்.”

“ஒரு வாய்தான.”

“எனுக்கு இன்னிக்கி விரதம் வேதா.”

“டீ குடிச்சேன்னீங்க.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வேணு பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். வாயருகே கொண்டுபோகக்கூட அவருக்குக் கை வரவில்லை. ஒரு பொய்யையாவது உருப்படியாகச் சொல்லத் தெரிந்திருக்கலாம்.

“சரி, தொட்டிகிட்ட ஜனங்க காத்துக்கினு இருப்பாங்க” என்று மூடியைத் திருகிக்கொண்டு கிளம்பினார்.

“இந்த வியாதி என்னக் கேக்காம வந்துது. அதுமேல எனுக்குக் கோவம் இல்ல” என்றாள் வேதா அக்கா, குரலை உயர்த்தாமல். “நீங்க தெரிஞ்சே குடுத்தீங்க.”

அவர் நிற்கவில்லை. படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் அழுவாள் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை உருவிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உன் போன்ல வீடியோ எடு தேவி.”

“இப்ப எதுக்குக்கா, படுங்க.”

“எடுன்றேன்.”

எடுத்தேன். அவள் தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“என் பேரு வேதா. தீர்த்தத் தொட்டி வேணுவோட சம்சாரம். அந்தத் தண்ணியக் குடிச்சி நான் தேறிக்கினு வர்றேன்னு உங்ககிட்டச் சொல்லுவாரு. நல்லாப் பாத்துக்கோங்க, நான் இப்டித்தான் இருக்கேன். வவ்வால் மேல தப்பு இல்ல, அது அது எடத்துல இருக்குது. யாரும் அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. அவரு குடிக்க மாட்டாரு.”