பெரிய பதவி என்று நினைத்த கையெழுத்து

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். கடைக்குட்டி தேவகி மலையேற்றப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவள். திருத்தணி பக்கத்துக் குன்றுகளுக்கு ஒரு குழுவைச் சம்பளமில்லாமல் கூட்டிப் போவாள். அவர்கள் நீட்டிய தாளில் ‘பொறுப்பாளர்’ என்றிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, பெரிய பதவி என்று பூரித்து, நான்தான் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

போன மழையில், அவள் தடுத்தும் ஈரப்பாறையில் ஏறிய ஒருவன் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அந்தக் கையெழுத்தைக் காட்டி, நஷ்டஈடு கேட்டு அவன் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் அவளுக்கு மட்டும் வந்தது. குழுத் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

“நாங்க சும்மா நடக்க வந்தவங்கம்மா. ட்ரெய்னிங் எடுத்தது உங்க பொண்ணுதானே?” என்றார்.

“கத்துகினு வந்தது குத்தமா நைனா? ஏறாதன்னு அவ கத்தும்போது நீயும்தானே பாத்துகினு நின்ன?”

அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது முழுதும் படித்துக் காட்டாத தாளில் என் வீட்டில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தந்த பேத்தியிடமும் சொன்னேன்: “ஒரு எழுத்து வுடாம படிச்சுக் காட்டு கண்ணு. அப்பறம்தான் கையெழுத்து.”