சாக்குப் பிரிக்காத சைக்கிள்

அறுபதுகளின் தொடக்கம். கோவில்பட்டிக்கும் எப்போதும்வென்றானுக்கும் நடுவே ஒரு சிற்றூரில், பிரசவம் பார்க்கும் நர்ஸாக நான் வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் நான் ஒருத்திதான். பருத்திக் காட்டு வழியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடையோ நடை. செருப்பு தேய்ந்ததோ இல்லையோ, நான் தேய்ந்துபோனேன்.

அந்த வருஷம் தை மாதம் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு புதுச் சைக்கிள் வந்தது. பயிற்சிக் காலத்திலேயே ஓட்டப் பழகியவள் நான். சந்தோஷத்துக்குக் கேட்க வேண்டுமா! ஆனால் வந்தது சைக்கிளாக வரவில்லை. சட்டம் தனி, சக்கரம் தனி, கைப்பிடி தனி என்று வைக்கோல் திணித்து, சாக்குச் சுற்றி வந்தது. அப்போதெல்லாம் புதுச் சைக்கிள் அப்படித்தான் வரும். சைக்கிள் கடையில் கொடுத்துப் பாகங்களைப் பூட்டி வாங்க வேண்டும். அதற்குத் தனியாகப் பூட்டுக்கூலி உண்டு.

அங்கேதான் வந்தது வினை. சைக்கிள் வாங்கப் பணம் ஒதுக்கிய புண்ணியவான்கள் பூட்டுக்கூலிக்கு ஒதுக்க மறந்துவிட்டார்கள். கேட்டால், மேலிடத்து உத்தரவு வரட்டும் என்றார்கள். என் கைக்காசைப் போட்டுப் பூட்டிக்கொள்கிறேன் என்றதற்கு, “சர்க்கார் சொத்தும்மா. வெளியாள் கை பட்டு ஒரு நட்டு காணாமப் போனாலும் உங்க சம்பளத்துலதான் பிடிப்பாக” என்றார் குமாஸ்தா. வேலை புதிது. அப்பா இல்லாத எங்கள் வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. பயந்து வாயை மூடிக்கொண்டேன். சைக்கிள் என் அறையில் சுவரோரம் சாக்கோடு நின்றது.

பங்குனியில் ஒரு நாள் உச்சிவேளை. மூன்று மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து ஓர் இளம் விவசாயி ஓடிவந்தார். அவர் மனைவிக்குக் காலையில் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் உதிரப்போக்கு நிற்கவில்லை. மூச்சிரைப்பில் இதைச் சொல்லி முடிக்கவே அவருக்குச் சிரமமாக இருந்தது. அதற்கான ஊசிமருந்து என்னிடம் இருந்தது. அவசர அவசரமாகப் பையில் எடுத்துவைக்கும்போது அவர் கண் சுவரோரம் போனது.

“அது என்னதும்மா, சாக்குக்குள்ள?”

“சைக்கிள்.”

“உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்பொ அதுல ஏறி முன்னால போங்கம்மா! நான் பின்னாலயே ஓடி வாரேன்.”

“இன்னும் பூட்டலையே, அண்ணாச்சி.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பையை வாங்கிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார்.

ஊரில் ஓடிய ஒரே சைக்கிள் வாத்தியாருடையது. அவரும் அன்றைக்கு ஊரில் இல்லை. ஓடினேன், நடந்தேன், மறுபடி ஓடினேன். மழைக்காலமாக இருந்திருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கரிசல் மண் நனைந்துவிட்டால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். சைக்கிளை நாம்தான் சுமக்க வேண்டும். ஆனால் அது பங்குனி. வண்டிப்பாதை காய்ந்து, களத்துமேடு மாதிரி இறுகிக் கிடந்தது. சைக்கிள் பறந்திருக்கும்.

ஊரை நெருங்கும்போதே பெண்களின் அழுகை கேட்டது. உள்ளே போய்க் கையைத் தொட்டேன். சூடு இருந்தது, உயிர் இல்லை. பக்கத்தில் பச்சைப்பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா? எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் என் மனசு சொன்னதை நான் எங்கே கொண்டுபோய் வைக்க? அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் போயிருக்கும். விடிந்தும் விடியாத நேரத்தில் என் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அவர்தான். மொட்டைத் தலையில் துண்டைப் போட்டிருந்தார். ஏசத்தான் வந்திருக்கிறார், வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று நின்றேன்.

“நர்சம்மா, அந்தச் சைக்கிள எடுங்க. கோவில்பட்டியில குடுத்துப் பூட்டிட்டு வந்திருவோம்.”

“உத்தரவு வரலையே…”

“அவிய கேட்டா, ஒருத்தன் வந்து தூக்கிட்டுப் போயிட்டான்னு எம்மேல பழியப் போடுங்க.”

நானும் வண்டியில் ஏறினேன். கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய், மதியம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பூட்டினார். முடித்துவிட்டுக் கூலியைச் சொன்னார். நான் பர்ஸைத் திறப்பதற்குள் இவர் மடியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். பேரம் பேசவில்லை. விஷயம் தெரியாத பாய் சிரித்துக்கொண்டே, “புது வண்டி! மிட்டாய் கிடையாதா, அண்ணாச்சி?” என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தெருவைத் தாண்டிப் போனார். கடலைமிட்டாய் வாங்கிவந்து பாய் கையில் வைத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தின்ன முடியவில்லை.

திரும்பும் வழியில் கூலிப் பணத்தை நீட்டினேன். அவர் மாட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “வேண்டாம்மா. அது என்னதுன்னு அன்னைக்கு நான் கேட்டேன்லா? இன்னொருத்தன் ஓடி வந்து உங்ககிட்ட அப்படிக் கேக்கப்பிடாது.”

ஊர் வந்துசேரும்வரை அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அனுமதியில்லாமல் ஏன் பூட்டினாய் என்று அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அப்புறம் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அந்தச் சைக்கிளில் எத்தனையோ வருஷம் எத்தனையோ வீடுகளுக்குப் போனேன். பல வீடுகளில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த ஊருக்குப் போனால், மணிச்சத்தம் கேட்டதும் முதலில் ஓடிவருவது அந்தத் தாயில்லாப் பிள்ளைதான்.

இப்போதும் புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும், அன்றைக்கே கட்டைப் பிரித்து, மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். “அம்மாவுக்கு எதிலும் அவசரம்” என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும், “இன்னும் பூட்டலையே” என்ற அந்த ஒரு வார்த்தையை இன்னொரு முறை சொல்ல என் நாக்கு வராது.